செம்மண் ஒட்டிய செடி கடல் தாண்டாது

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டி மாமல்லபுரம் நோக்கிப் போகிறவர்கள் இரண்டு தொழில்களைச் சாலையோரத்திலேயே பார்க்கலாம். ஒன்று சிற்பக் கூடம், மற்றொன்று நர்சரி. சில இடங்களில் இரண்டும் அடுத்தடுத்த மனைகளில் இருக்கும். சிற்பக் கூடத்தில் செதுக்கிய பிள்ளையாரும் நடராஜரும் மரப்பெட்டிக்குள் ஏறி, கடல் கடந்த கோயில்களுக்குப் போகிறார்கள். பக்கத்து மனையில் நிற்கும் அரிக்கா பாம் திண்டிவனத்தையோ வேலூரையோ தாண்டினாலே அதிகம். டன் கணக்கில் எடையுள்ள கல் போகிற ஊருக்கு, இரண்டு கிலோ எடையுள்ள செடி ஏன் போகவில்லை?

இந்தக் கேள்விக்கு நர்சரி வட்டாரத்தில் வழக்கமாகக் கிடைக்கும் பதில், "விலை கட்டுப்படியாகாது" என்பது. கொரோனாவுக்குப் பிறகு இன்னொரு பதிலும் சேர்ந்துகொண்டது: "விமான வாடகை, கப்பல் வாடகை எல்லாம் ஏறிப்போச்சு." இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் முதல் தடை செடியின் விலையிலும் இல்லை, வாடகையிலும் இல்லை. அது செடியின் வேரில், கறுப்பு பாலிதீன் கவருக்குள் இருக்கிறது.

கொரோனா காலத்தில் நடந்ததைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம். 2019 அக்டோபரில் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோது, ஐந்து ரதம் அருகே தோட்டக்கலைத் துறை காய், கனிகளைக் கொண்டே பெரிய வளைவு அமைத்தது. அடுத்த மாதம் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. நான்கே மாதத்தில் ஊரடங்கு. ஆந்திராவின் கடியம் பகுதியிலிருந்து செடி ஏற்றி வரும் லாரிகள் நின்றன. கோடைக்கு முன் விற்றுத் தீர வேண்டிய செடிகள் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் காய்ந்தன. திருமணம், திருவிழா, விடுதி அலங்காரம் எதுவும் இல்லை. நெதர்லாந்தின் பெரிய மலர் ஏலச் சந்தையிலேயே 2020 மார்ச் மாதம் பூக்களை டன் டன்னாகக் குப்பையில் கொட்டி அழித்தார்கள் என்றால், நம் சாலையோர நர்சரியின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. வீட்டுக்குள் அடைபட்ட மக்கள் செடி வாங்கத் தொடங்கினார்கள். இந்தோனேசியாவில் ஓட்டை இலை மான்ஸ்டெரா ஒன்றுக்குத் தலை சுற்றும் விலை கொடுத்தார்கள். பிலிப்பைன்ஸில் செடிப் பைத்தியம் பிடித்தவர்களுக்குத் தனிப் பட்டப்பெயரே உண்டாகி, காட்டுச் செடிகளைத் திருடும் அளவுக்குப் போனது. நம் ஊரிலும் மணி பிளான்ட்டும் பாம்புக் கற்றாழையும் அடுக்குமாடி பால்கனிகளுக்கு ஏறின. அந்த அலையில் இந்தியாவின் மலர், அலங்காரச் செடி ஏற்றுமதியும் உயர்ந்தது. 2020-21இல் சுமார் 576 கோடி ரூபாயாக இருந்தது, 2021-22இல் சுமார் 771 கோடியானது. அலை வடிந்ததும் 2022-23இல் 708 கோடி, 2023-24இல் 718 கோடி என்று இறங்கி நின்றுவிட்டது. அளவில் பார்த்தால் சரிவு இன்னும் தெளிவு: 23,597 டன்னிலிருந்து 19,678 டன்.

இந்தக் கணக்கிலும் ஒரு விஷயம் மறைந்திருக்கிறது. இதில் கணிசமான பங்கு உலர் மலர்களுக்கு உரியது. தூத்துக்குடியிலிருந்து போகும் காய்ந்த காய், இலை, தண்டு, பூ எல்லாம் இந்தத் தலைப்பின் கீழேதான் வருகின்றன. அதற்கப்புறம் ஓசூர் ரோஜா போன்ற கொய்மலர்கள். உயிருள்ள செடியாகக் கப்பலேறுவது இவற்றில் ஒரு பகுதிதான். வாங்கும் நாடுகளிலும் அமெரிக்கா, நெதர்லாந்து, ஐக்கிய அரபு அமீரகம், பிரிட்டன் ஆகியவைதாம் முன்னால் நிற்கின்றன. நமக்கு நான்கு மணி நேர விமானத் தொலைவில் உள்ள தென்கிழக்கு ஆசியா பின்வரிசையில்தான்.

இத்தனைக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நம் மல்லிகை விமானத்தில் போய்க்கொண்டுதான் இருக்கிறது. மதுரையிலும் கோவையிலும் பறித்த பூ, அங்கே கோயில் வாசலில் சரமாகத் தொங்குகிறது. பூ போகிறது, செடி போகவில்லை. காரணம் எளிது. பறித்த பூவில் மண் இல்லை.

எந்த நாடும் வெளிநாட்டு மண்ணைத் தன் எல்லைக்குள் விட விரும்புவதில்லை. ஜப்பான் மண்ணையும், மண் ஒட்டிய செடியையும் அடியோடு தடை செய்திருக்கிறது. ஐரோப்பிய நாடுகளும் அப்படியே. மண்ணுக்குள் நூற்புழு இருக்கும், பூஞ்சாணம் இருக்கும், வண்டின் முட்டை இருக்கும், களை விதை இருக்கும். வாழையையும் மிளகையும் வீணாக்கும் துளைக்கும் நூற்புழு அலங்காரச் செடிகளின் வேரிலும் குடியிருக்கும். செடியை மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும், அடியில் புழு இருக்கும். சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கை, செடியோடு போகும் வளர்ப்பு ஊடகத்துக்கென்றே 2017இல் தனித் தரநிலை கொண்டுவந்தது. இறக்குமதி செய்யும் நாடு பூச்சி அபாயத்தை ஆராய்ந்து, அறிவியல் அடிப்படையில் தனக்கான விதி வகுக்கலாம். ஆனால் எல்லா விதிக்கும் அடிப்படை ஒன்றுதான்: எதில் வளர்த்தாய், எங்கே வைத்து வளர்த்தாய், யார் பார்த்தார்கள்?

நம் நர்சரிகளில் எதில் வளர்க்கிறோம்? செம்மண், மணல், தொழு உரம். கவர் நிரப்பும் பெண்கள் குவித்து வைத்த செம்மண்ணின் முன் உட்கார்ந்து நாள் முழுக்க நிரப்புகிறார்கள். நிரப்பிய கவரை வெறும் தரையில் வரிசையாக அடுக்குகிறோம். மழைக்காலத்தில் கவரின் அடியில் நத்தை ஏறுகிறது, துளை வழியே வேர் தரைக்குள் இறங்குகிறது. உள்ளூர் வாடிக்கையாளருக்கு இதில் ஒரு குறையும் இல்லை, செம்மண்ணில் நின்ற செடி கெட்டியாக நிற்கும் என்று அவரே கேட்டு வாங்குகிறார். ஆனால் அந்தச் செடி மீனம்பாக்கத்தில் உள்ள தாவரத் தடுப்புக்காப்பு நிலையத்தில் தாவர சுகாதாரச் சான்றிதழ் வாங்க நின்றால் என்ன ஆகும்? மண்ணை உதறி, வேரைக் கழுவி, வெறும் வேராகக் கட்டி அனுப்பலாம். சில செடிகள் தாங்கும். அரிக்கா பாம் போன்றவை போய்ச் சேர்ந்த ஊரில் பத்தே நாளில் இலையைத் தொங்கப்போடும். வாங்கியவர் அடுத்த முறை தாய்லாந்துக்காரரிடம் கேட்பார்.

இங்கேதான் வேடிக்கை. மண்ணுக்கு மாற்றாக உலகம் முழுவதும் நர்சரிகள் தேடுவது தென்னைநார்க் கழிவை. அதை உலகத்துக்குக் கொடுப்பவர்களில் முன்வரிசையில் இருப்பது நாம். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் கட்டியாக அழுத்திய நார்க்கழிவு ஐரோப்பாவுக்கும் கொரியாவுக்கும் சீனாவுக்கும் போகிறது. 2020-21இல் நாட்டின் கயிறு மற்றும் கயிறு பொருள் ஏற்றுமதி சுமார் 3,779 கோடி ரூபாயைத் தொட்டது. அதில் மிகப் பெரிய பங்கு நார்க்கழிவுக்குத்தான். அதே ஆண்டின் மலர், செடி ஏற்றுமதி 576 கோடி என்பதை மறுபடியும் நினைவில் கொள்ளுங்கள். போட்டியாளருக்கு வளர்ப்பு ஊடகத்தை விற்றுவிட்டு, நாம் ஏரிக்கரைச் செம்மண்ணில் செடி வளர்த்துக்கொண்டிருக்கிறோம். ஏரி மண்ணையும் செம்மண்ணையும் அள்ளுவதற்குக் கட்டுப்பாடு கூடிக்கொண்டே போகும் இந்த மாவட்டத்தில், உள்ளூர் வியாபாரத்துக்கே இது நெடுநாள் ஓடாது என்பது வேறு விஷயம்.

மாறுவது அவ்வளவு சுலபமா என்றால், இல்லை. பச்சை நார்க்கழிவில் சோடியம், பொட்டாசியம் உப்பு அதிகம். நல்ல தண்ணீரில் அலசி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, மறுபடி அலசி, மின்கடத்துதிறனை 0.5க்குக் கீழே கொண்டுவந்த பிறகுதான் செடிக்கு ஆகும். மாமல்லபுரம் கடற்கரையில் அந்த நல்ல தண்ணீர்தான் பிரச்சினை. பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணல் மேட்டில் மழை கழிந்த சில மாதம் நன்னீர் கிடைக்கும். சித்திரையில் மோட்டாரை விடாமல் ஓட்டினால் கடல் நீர் உள்ளே ஏறும். அதனால் கழுவிய நார்க்கழிவை வெளியிலிருந்து வாங்குவதும், வடகிழக்குப் பருவமழையைப் பிடித்து வைக்கத் தார்ப்பாய் விரித்த குட்டை வெட்டுவதும் இந்த மாற்றத்தின் முதல் செலவுகள். நார்க்கழிவில் சத்து கிடையாது. வாரம் தவறாமல் நீரில் கரைத்த உரம் கொடுக்க வேண்டும். செம்மண்ணில் ஒருநாள் தண்ணீர் ஊற்ற மறந்தால் செடி பொறுத்துக்கொள்ளும், நார்க்கழிவுத் தொட்டி முழுவதும் காய்ந்துவிட்டால் திரும்ப நனைப்பதே பாடு. தொட்டிகளைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர மேடையில் வைக்க வேண்டும். இதையெல்லாம் மறைத்துவிட்டு, "நார்க்கழிவுக்கு மாறுங்கள், டாலர் கொட்டும்" என்று எழுத இந்தப் பக்கத்துக்கு மனம் வரவில்லை.

பூச்சி அடுத்தது. 2016இல் பொள்ளாச்சிப் பகுதித் தென்னையில் முதலில் தென்பட்ட ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ, இன்று கடற்கரைத் தென்னந்தோப்புகளில் புதியதல்ல. தென்னையோடு நிற்காமல் அலங்காரப் பனைகள், ஹெலிகோனியா, கல்வாழை ஆகியவற்றிலும் அது முட்டையிடும். தோப்புக்கு நடுவே நர்சரி வைத்திருப்பவர், இலையின் அடியில் வெள்ளைச் சுருளையும் மேலே கரும்பூசணத்தையும் பார்க்காமல் இருக்க முடியாது. ஏற்றுமதிச் செடிக்குப் பூச்சிவலைக் குடில் தேவை. அதைக் கட்டினால் புயல் வருகிறது. 2020இல் நிவர், 2022 டிசம்பரில் மாமல்லபுரத்தை ஒட்டியே கரையேறிய மாண்டஸ், 2024இல் ஃபெஞ்சல். நிழல்வலையைத் தைத்துத் தைத்துச் சலித்துப் போனவர்களிடம் நிரந்தரக் குடில் பற்றிப் பேசுவதானால், காப்பீட்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

இவ்வளவு தடைகள் நமக்கு மட்டுமா? தாய்லாந்தின் ஆர்க்கிட் கதையைப் பாருங்கள். 1998இல் அந்நாட்டு ஆர்க்கிட் பூக்களில் இலைப்பேன் வருகிறது என்று ஐரோப்பிய ஒன்றியம் அவசர நடவடிக்கைக்கு அனுமதி அளித்தது. தாய்லாந்து சண்டைக்குப் போகவில்லை. ஏற்றுமதிப் பூக்களைப் புகைமூட்டம் செய்து அனுப்பும் முறையைக் கொண்டுவந்து, தோட்டத்தையும் கட்டுமானக் கூடத்தையும் கண்காணிப்புக்குள் வைத்தது. இன்றும் டென்ட்ரோபியம் கொய்மலரில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. 2001இல் சீனாவிலிருந்து தண்ணீரில் நிறுத்திக் கப்பலில் அனுப்பிய லக்கி பாம்பூவோடு கலிபோர்னியாவுக்கு ஏடிஸ் கொசுவும் போய்ச் சேர்ந்தது. உடனே தண்ணீரில் நிறுத்தி அனுப்புவது தடையானது. சீனர்கள் தண்ணீர் இல்லாமல் அனுப்பக் கற்றுக்கொண்டார்கள், வியாபாரம் தொடர்ந்தது. நம் சாலையோரக் கடையில் கண்ணாடிக் குவளையில் நிற்கும் லக்கி பாம்பூவும் பெரும்பாலும் அங்கிருந்து வருவதுதான்.

நமக்குப் பக்கத்து வீடான இலங்கையின் அனுபவம் இன்னும் பொருத்தமானது. அதே வெயில், அதே தென்னை, நம்மைவிடச் சிறிய நாடு. அங்கே ஏற்றுமதி நிறுவனங்கள் தாய்ச் செடியையும் வலையையும் கிராமத்துப் பெண்களிடம் கொடுத்து, துளிர்க் குச்சிகளையும் இலைகளையும் திரும்ப வாங்கிக்கொள்கின்றன. தரம் பார்ப்பது, பூச்சி பார்ப்பது, கட்டுவது எல்லாம் ஓரிடத்தில். தாவரத் தடுப்புக்காப்பு நிலையம் கட்டுநாயக்க விமான நிலையத்தை ஒட்டி இருக்கிறது. நமக்கும் மீனம்பாக்கத்தில் அப்படியே இருக்கிறது. இல்லாதது நடுவில் உள்ள அந்த ஓரிடம்.

வாடகைக் கதைக்கும் வருவோம். 2020 மார்ச் 23 முதல் 2022 மார்ச் 27 வரை வழக்கமான சர்வதேசப் பயணிகள் விமானச் சேவை நம் நாட்டில் நிறுத்தப்பட்டிருந்தது. பூவும் செடியும் பெரும்பாலும் பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில்தான் போகும் என்பதால், சந்தை சூடாக இருந்த காலத்தில் நமக்கு வண்டி குறைவாக இருந்தது. 2021இல் கன்டெய்னர் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. 2022 செப்டம்பர் 30உடன் ஏற்றுமதிச் சரக்குக் கட்டணத்துக்கான ஜிஎஸ்டி விலக்கும் முடிந்தது. கட்டிய வரியைத் திரும்பப் பெற வழி உண்டு என்றாலும், அது கைக்கு வரும்வரை சிறு வியாபாரியின் முதல் முடங்கும். 2023 கடைசியில் செங்கடல் தாக்குதல்கள் தொடங்கியதும் ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கின. இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது: பக்கத்தில் இருக்கும் சந்தையே பாதுகாப்பான சந்தை. அமீரகத்துடனான வர்த்தக ஒப்பந்தம் 2022 மே 1 முதல் நடைமுறையில் உள்ளது. தூத்துக்குடி, கொச்சி வழியாக மாலத்தீவுக்கு நேரடிச் சரக்குக் கப்பல் சேவை கொரோனாவுக்கு நடுவிலேயே, 2020 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. மண்ணே இல்லாத பவளத் தீவுகளில் விடுதி விடுதியாகத் தோட்டம் போடுகிறார்கள். உப்புக் காற்றைத் தாங்கிப் பழகிய செடி அவர்களுக்கு வேண்டும். கோவளத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவே வளரும் போகன்வில்லாவும் அடீனியமும் தாழையும் பிறந்ததிலிருந்து அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கின்றன.

ஆக, போட்டியிடும் திறன் என்று நாம் சொல்வது எங்கே உருவாக வேண்டும் என்பது தெரிகிறது. அதற்குக் குறுக்கே நிற்பதில் பெரியது நிலம். கிழக்குக் கடற்கரைச் சாலை நர்சரிகளில் பல, வேறு யாரோ விலையேற்றத்துக்காக வாங்கிப்போட்ட மனையில் பதினொரு மாத வாடகை ஒப்பந்தத்தில் நடக்கின்றன. வீடு கட்டுபவர் வந்துவிட்டால் மறுவாரம் செடியைத் தூக்க வேண்டும். அவர் எப்படி மேடை கட்டுவார்? எப்படிக் குடில் போடுவார்? மானியத்துக்குப் பட்டா அல்லது நீண்ட குத்தகைப் பத்திரம் கேட்கிறார்கள், வங்கியும் அதையே கேட்கிறது. மானியம் கிடைப்பது நிலம் வைத்திருப்பவருக்கு, செடி வளர்ப்பது நிலம் இல்லாதவர். இந்த முடிச்சை அவிழ்க்காமல் எத்தனை ஏற்றுமதிப் பயிலரங்கு நடத்தினாலும், போனவர்கள் சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வருவார்கள்.

தனித்தனி நர்சரிக்குக் குடில் கேட்பதை விட்டுவிட்டு, செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு பொதுக் கூடம் கேட்க வேண்டும் என்பது நம் கருத்து. அரசுத் தோட்டக்கலைப் பண்ணை ஒன்றில் சில ஏக்கர் போதும். கழுவிய நார்க்கழிவு அங்கே கிடைக்க வேண்டும். உயர்ந்த மேடைகளும் பூச்சிவலையும் மழைநீர்க் குட்டையும் வேண்டும். நர்சரிக்காரர்கள் மேடையை மாத வாடகைக்கு எடுத்து, ஏற்றுமதிக்கான செடியை மட்டும் அங்கே வளர்க்கலாம். கப்பலில் இருட்டான குளிர் கன்டெய்னரில் ஒரு வாரம், பத்து நாள் இருக்கப்போகும் செடியை, அதற்கு முன் சில வாரம் அடர்ந்த நிழலில் வைத்துப் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் கதவைத் திறக்கும்போது இலை கொட்டிக் கிடக்கும். அந்தப் பழக்கும் இடமும் அங்கேயே அமையும். தடுப்புக்காப்பு அதிகாரி நாற்பது நர்சரிக்கு அலைவதைவிட ஒரு கூடத்துக்கு மாதம் இருமுறை வருவது எளிது.

மத்திய அரசு 2024 ஆகஸ்டில் 1,765.67 கோடி ரூபாயில் தூய்மையான நாற்றுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. நோயற்ற தாய்ச் செடிக்கென ஒன்பது மையங்கள் அமைப்பது அதன் நோக்கம். நல்ல திட்டம், ஆனால் பழப்பயிர்களுக்கு மட்டும். அலங்காரச் செடிக்கும் அதில் இடம் கேட்டுத் தமிழக அரசு எழுத வேண்டும். காரணம் வெளிப்படை. கடையில் நிற்கும் அக்லோனிமா கடியத்திலிருந்து வந்தது, கடியத்துக்கு அது தாய்லாந்திலிருந்து வந்திருக்கலாம். தாய்ச் செடி எது, அதில் வைரஸ் உண்டா என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. வாங்கி விற்கும் செடியை ஏற்றுமதி செய்ய முடியாது. வளர்த்த செடியைத்தான் முடியும்.

இடையில் ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டில் நல்ல விலை கிடைக்கிறது என்று சைகஸ் வகைகளை அனுப்ப நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். சைகஸ் இனம் முழுவதும் அழியும் நிலை உயிரினங்களுக்கான சர்வதேச வர்த்தக ஒப்பந்தப் பட்டியலில் உள்ளது. அந்தப் பட்டியலைக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் நம் சட்டத்துக்குள்ளும் கொண்டுவந்திருக்கிறது. நர்சரியில் பெருக்கியது என்பதற்கு ஆதாரம் வேண்டும். ஆர்க்கிட்டுக்கும் இதேதான்.

கூடம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த மழைக்கு முன் ஒரே ரகம், அடீனியமோ பாம்புக் கற்றாழையோ, ஐந்நூறு தொட்டி மட்டும் நார்க்கழிவில் போட்டு, மேடையில் வைத்துப் பாருங்கள். செலவை ஒரு நோட்டில் எழுதுங்கள். தாய்ச் செடி எங்கே வாங்கியது, என்றைக்கு என்ன மருந்து அடித்தது என்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள். நான்காவது மாதம் இரண்டு மூன்று தொட்டியைக் கவிழ்த்து, வேரோடு கால் கிலோ ஊடகத்தை எடுத்து, வெயில் படாமல் பாலிதீன் பையில் கட்டி, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் நூற்புழுவியல் துறைக்கு அனுப்பிச் சோதித்துக்கொள்ளுங்கள். காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் வழி கேட்கலாம். புழு இல்லை என்று வந்தால் அபீடா பதிவைப் பற்றி யோசிக்கலாம். இருக்கிறது என்று வந்தால், அது தண்ணீரிலா, தாய்ச் செடியிலா என்று அந்த நோட்டைப் புரட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.